அகத்தியனுக்குக் கீழே

நுழையும்முன்

விண்மீன்கள் என்றும் உள்ளவை போலத் தோன்றினாலும் அவற்றுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு. அவ்விரண்டும் ஒருங்கே நிகழும் பெருங்களம் ஒன்று நமது பால்வீதிக்கு வெளியே, அண்டை விண்மீன் திரளில் இருக்கிறது. விண்வெளித் தொலைநோக்கிகள் அதனை விரிவாகப் படம்பிடித்துள்ளன. அக்களம் திருச்சிராப்பள்ளியின் வானிலும் எழுந்து மறைகிறது என்பது பலரும் அறியாத செய்தி.

காவிரிக் கரையிலிருந்து

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் ஓட, இரண்டிற்கும் இடையே கிடக்கும் தீவே திருவரங்கம். அங்கே பள்ளிகொண்ட பெருமாள் தெற்கு நோக்கியவர். வானளாவிய இராசகோபுரமும் கோயிலின் தென்திசையிலேயே நிற்கிறது. தீவின் தென்கரையிலுள்ள அம்மா மண்டபப் படித்துறையில் நிற்பவருக்கு முன்னே காவிரி; அதற்கப்பால் நகரமும் மலைக்கோட்டையும்; அவற்றுக்கு மேலே தென்வானம்.

பொங்கல் நாள்களில் இரவு பத்து மணியைக் கடந்த வேளையில் அவ்வானத்தை நோக்கினால், தொடுவானிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து பாகை உயரத்தில் வெண்மையாகச் சுடரும் விண்மீன் ஒன்று தெரியும். அதுவே அகத்தியன். இரவு வானில் சிரியசுக்கு அடுத்தபடியாக ஒளிமிக்க விண்மீன் அது. தென்திசைக்கு உரியவராக மரபு போற்றும் முனிவரின் பெயரைத் தென்வானின் இப்பேரொளிக்கு இட்ட முன்னோரின் பொருத்தம் அறிதல் வியக்கத்தக்கது.

அகத்தியனுக்குக் கீழே, சற்று வலப்புறமாக, தொடுவானிலிருந்து பத்துப் பாகை உயரத்தில் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும் ஓரிடம் உண்டு. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் முட்டி மறைக்கும் உயரமே பத்துப் பாகை. அந்த வெறுமையில்தான் டாரன்டுலா விண்முகில் இருக்கிறது. நெபுலா என்று அறிவியலார் வழங்கும் வளிமமும் தூசியும் திரண்ட முகில்களுள், நம் அண்டைச் சூழலில் மிகப் பெரியதும் மிகுந்த ஒளியுடையதுமான விண்மீன் பிறப்பிடம் அதுவே. அந்நாள்களில் மாலை ஆறு மணிக்குப் பின் தென்கிழக்கில் எழுந்து, ஏறத்தாழ எட்டு மணிநேரம் வானில் தாழ்வாகவே நகர்ந்து, நள்ளிரவுக்குப் பின் தென்மேற்கில் அது மறைகிறது. நகரின் ஒளிவெள்ளமும் ஆற்றின் மேல் படரும் பனிமூட்டமும் அதனைக் காணவொட்டாமல் செய்துவிடுகின்றன. வானம் இருண்டிருந்த காலத்திலும் அது ஒரு மங்கிய வெண்திட்டாக மட்டுமே தெரிந்திருக்கும்.

அத்திட்டிலிருந்து புறப்படும் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 1,60,000 ஆண்டுகள் ஆகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் அதிரம்பாக்கத்தில் வாழ்ந்த தொல்மாந்தர் கல்லைச் செதுக்கி இடைப் பழைய கற்காலக் கருவிகளைச் செய்துவந்த காலம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,72,000 ஆண்டுகளுக்கு முன்வரை நீண்டது என ஆய்வாளர் கணித்துள்ளனர். அக்கருவிகள் மண்ணுள் புதையத் தொடங்கிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளியே இன்று தொலைநோக்கியின் ஆடியில் வந்து விழுகிறது.

விண்மீன் என நினைத்த முகில்

இவ்விண்முகில் இருக்கும் விண்மீன் திரளுக்குப் பெரிய மெகல்லன் மேகம் என்று பெயர். 1519இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட மெகல்லனின் கப்பற்குழு தென்கடல்களில் கண்ட வான்மேகங்களைக் குறித்துவைத்தது. பெயர் அதனால் வந்தது. அது முகிலன்று, பல நூறு கோடி விண்மீன்களைக் கொண்ட தனித்த திரள் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

திரளுக்குள் பளிச்சிட்ட புள்ளியை முதலில் விண்மீனாகவே கருதினர். வரிசை எண் இட்டு முப்பது டொராடஸ் என்றும் அழைத்தனர். அப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. பிரெஞ்சு வானியலாளர் இலக்கைய் 1751இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தென்வானை ஆராய்ந்தபோது, அது புள்ளியன்று, விரிந்த முகில் என்று கண்டறிந்தார். முகிலின் ஒளியிழைகள் பெருஞ்சிலந்தியின் கால்களைப் போலப் பரந்திருந்தமையால் டாரன்டுலா என்னும் சிலந்தியின் பெயர் பின்னாளில் ஏற்பட்டது.

அதன் அகலம் ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டுகள். திருவாதிரை விண்மீனைத் தன்னகத்தே கொண்ட ஓரியன் குழுவில் தெரியும் விண்முகில் நம்மிடமிருந்து 1,340 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. டாரன்டுலா அத்தொலைவில் இருந்திருந்தால் வானின் பெரும்பரப்பை நிறைத்திருக்கும். அதன் ஒளியில் இரவில் மனிதருக்கு நிழல் விழும்.

உள்ளே நிற்பவர் காணாதது

இத்துணைத் தொலைவிலுள்ள ஒன்றை ஏன் நாட வேண்டும்? நம் பால்வீதியிலும் விண்மீன்கள் பிறக்கின்றனவே என்ற வினா எழலாம்.

திருவரங்கத்து வீதிகளில் நடப்பவருக்கு அக்கோயிலின் ஏழு திருச்சுற்றுகளும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஒழுங்கு புலப்படுவதில்லை. முன்னே ஒரு மதில், பின்னே ஒரு மதில், இடையில் கடைகளும் வீடுகளும். ஆற்றைக் கடந்து மலைக்கோட்டை உச்சியில் ஏறி வடக்கே நோக்கினால்தான் தீவும் கோபுரங்களும் ஒரே காட்சியில் விரியும். பால்வீதியில் நம் நிலையும் வீதியில் நடப்பவரின் நிலையே. கதிரவன் பால்வீதியின் தட்டுக்குள் இருப்பதால், அதன் பெரும் பிறப்பிடங்களுக்கும் நமக்கும் இடையே தூசி அடர்ந்து கிடக்கிறது. பெரிய மெகல்லன் மேகமோ அத்தட்டுக்கு வெளியே, தூசி குறைந்த திசையில் உள்ளது. அதிலுள்ளவை அனைத்தும் நமக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால் எது பெரிது, எது சிறிது, எது ஒளிமிக்கது என ஒப்பிட்டுக் கூறவும் இயலும்.

மற்றொரு பயனும் உண்டு. அத்திரளில் ஆக்சிசன், இரும்பு முதலிய கனமான தனிமங்கள் கதிரவனில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியளவே காணப்படுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன், பேரண்டத்தில் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தபோது திரள்கள் இத்தகைய கலவையையே கொண்டிருந்தன. தொல்காலத்துப் பேரண்டத்தை அருகிலிருந்து காணும் வாய்ப்பாக டாரன்டுலா அமைந்துள்ளது.

காற்றுக்கு அப்பால்

பத்துப் பாகை உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு நேர்மேலிருந்து வரும் ஒளியைவிட ஐந்து மடங்குக்கும் மிகுதியான காற்றைக் கடந்தாக வேண்டும். டாரன்டுலா வானில் உயரே ஏறி வரும் தென்னாட்டு மலையுச்சிகளிலும் காற்றின் அசைவு காட்சியைக் கலைக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களுள் பலவற்றைக் காற்றிலுள்ள நீராவி தடுத்துவிடும். ஊடுகதிர்களோ தரையை எட்டுவதே இல்லை. விண்வெளியில் தொலைநோக்கியை நிறுவும் பெருஞ்செலவுக்கு இதுவே காரணம்.

இதனால் தெளிந்த உண்மை ஒன்றைக் கூறலாம். டாரன்டுலாவின் நடுவே ஆர் 136 என்னும் ஒளிமிக்க புள்ளி உண்டு. அது ஒற்றை விண்மீன் என்றும், கதிரவனைப் போல் ஈராயிரம் மடங்குக்கும் மேலான நிறை கொண்டது என்றும் 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் சிலர் கருதினர். அத்தகைய விண்மீன் இருக்கக்கூடுமா என்னும் விவாதம் நீண்டது. தரையிலிருந்தே நுண்ணிய முறைகளைக் கையாண்டவர்கள் அது பல விண்மீன்களின் கூட்டம் என்று காட்டினர். 1990 ஏப்பிரல் 24இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் படங்கள் அக்கூட்டத்தைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டின. அவற்றுள் மிகப் பெரியதன் நிறை கதிரவனின் நிறையைப் போல் 265 மடங்கு என்று 2010இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த அளவீடுகள் அதனை இருநூறு மடங்கு அளவுக்குக் குறைத்துள்ளன. அறியப்பட்ட விண்மீன்களுள் மிகுந்த நிறையுடையவற்றுள் ஒன்றாகவே அது இன்றும் எண்ணப்படுகிறது. ஈராயிரத்திலிருந்து இருநூறாக இறங்கிய அவ்வெண், கருவி கூர்மையடையும்தோறும் கருத்தும் திருந்துவதற்குச் சான்று.

2021 திசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி புவியிலிருந்து பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்குகிறது. பொன்முலாம் பூசிய பதினெட்டு ஆடிகள் இணைந்த அதன் முதன்மை ஆடியின் விட்டம் 6.5 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளி தூசியில் சிக்கிக்கொள்ளும். அகச்சிவப்புக் கதிர் பெரும்பாலும் ஊடுருவிச் செல்லும். எனவே 2022 செப்டம்பர் 6இல் வெளியான வெப்பின் படத்தில், அதுவரை தூசித் திரைக்குள் மறைந்திருந்த பல்லாயிரம் இளம் விண்மீன்கள் முதன்முறையாகப் புலப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

வெப் அனுப்பும் படங்களின் நிறங்கள் கண்ணால் கண்ட நிறங்கள் அல்ல. அகச்சிவப்புக் கதிருக்கு மனிதக் கண்ணில் நிறம் இல்லை. அலைநீளம் குறைந்த கதிருக்கு நீலத்தையும் மிகுந்த கதிருக்குச் சிவப்பையும் வழங்கி, பல படங்களை ஒன்றாக இணைக்கின்றனர். இது ஒப்பனையன்று, கேளா ஒலியைக் கேட்கும் சுரத்திற்கு இறக்குவதைப் போன்றதொரு பெயர்ப்பு.

1987ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள்

திருவரங்கத்தின் தெற்கு இராயகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமுமாக அது நிறைவுற்று, 1987 மார்ச் 25இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன், பிப்பிரவரி 24இல், தென்னமெரிக்காவின் சிலி நாட்டு மலையுச்சி ஒன்றில் படமெடுத்துக்கொண்டிருந்த வானியலாளர் டாரன்டுலாவின் அருகே முந்தைய நாள் இல்லாத விண்மீன் ஒன்றைக் கண்டார். பேரளவு விண்மீன் ஒன்று தன் வாழ்நாள் முடிந்து வெடித்த சூப்பர்நோவா அது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் அத்தகைய வெடிப்பு 1604ஆம் ஆண்டிற்குப் பின் அதுவே முதலாவது. அவ்வாண்டு மே மாதத்தில் அது தன் உச்ச ஒளியை எட்டியது. இராயகோபுரம் குடமுழுக்குக் கண்ட மாலையிலும், இருள் பரவிய வேளையில், அது தென்வானில் எட்டுப் பாகை உயரத்தில் இருந்தது.

தமிழ்நாட்டு வானியலார் அதனைத் தவறவிடவில்லை. சவ்வாது மலையின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டிருந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அமைந்ததால் தென்வானின் பெரும்பகுதியையும் காணலாம் என்பது காவலூரின் சிறப்பு. ஆயினும் அங்கிருந்து பார்க்கையில் வெடித்த விண்மீன் எட்டுப் பாகைக்குச் சற்று மேல் ஏறியதில்லை. தொலைநோக்கியை மலைச்சரிவை நோக்கித் தாழ்த்தி, தொடுவானின் மங்கலினூடே அதன் நிறமாலையைப் பதிவுசெய்து, ஆய்வாளர்கள் அவ்வாண்டிலேயே முடிவுகளை வெளியிட்டனர். இவ்வுழைப்பு இன்னும் பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

தீவில் பிறந்தவரும் அவர் தமையன் மகனும்

அவ்விண்மீன் ஏன் வெடித்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி, அரை நூற்றாண்டுக்கு முன்னரே தமிழ் இளைஞர் ஒருவரால் எழுதப்பட்டிருந்தது.

திருவரங்கம் தீவிலேயே அமைந்த திருவானைக்காவில் 1888 நவம்பர் 7இல் பிறந்தவர் சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு சூலை இறுதியில் அவருடைய தமையன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவருக்கு அப்போது அகவை பத்தொன்பது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையைத் தானே தாங்கி நிற்க முடியுமா என்று பயணத்தின்போது கணக்கிட்டார். கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைவரை தாங்கும்; அதற்கு மேல் தாங்காது என்னும் விடை கிடைத்தது. 1935இல் இலண்டனில் அவர் இதனை விளக்கியபோது, அன்றைய வானியலின் பெரும்புள்ளியான எடிங்டன் அவையிலேயே மறுத்துரைத்தார். சந்திரசேகர் எல்லை என்று உலகம் அதனைப் பின்னர் ஏற்றது. 1983இல் நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

பேரளவு விண்மீனின் நடுவில் தனிமங்கள் அடுத்தடுத்து எரிந்து இறுதியில் இரும்பாகின்றன. இரும்பு மேலும் எரிந்து ஆற்றல் தருவதில்லை. அவ்விரும்புக் கரு வளர்ந்து சந்திரசேகர் எல்லையை எட்டியதும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் உள்ளுக்குள் சரிகிறது. அச்சரிவில் வெளிப்படும் ஆற்றலின் பெரும்பங்கை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் அள்ளிச் செல்கின்றன. 1987 பிப்பிரவரி 23இல், வெடிப்பின் ஒளி வருவதற்குச் சில மணிநேரம் முன்னதாக, சப்பான், அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம் ஆகிய நாடுகளின் நிலத்தடி ஆய்வகங்கள் மூன்றிலும் சேர்த்து இருபத்தைந்து அளவிலான நியூட்ரினோக்கள் பதிவாயின. 1,60,000 ஆண்டுகள் பயணம் செய்து வந்தவற்றுள் அகப்பட்டவை அவ்வளவே. ஆயினும் கரு சரிந்தது என்பதற்கு அவை போதிய சான்றாயின. சந்திரசேகர் அப்போது சிகாகோவில் வாழ்ந்துகொண்டிருந்தார். சரிந்த கருவின் எச்சமாக அங்கே நியூட்ரான் விண்மீன் ஒன்று இருப்பதற்கான தடயங்களை வெப் தொலைநோக்கி கண்டறிந்ததாக 2024இல் ஆய்வுமுடிவு வெளியானது.

சந்திரசேகர் 1995இல் மறைந்தார். நாசா 1999 சூலை 23இல் விண்ணில் ஏவிய ஊடுகதிர் ஆய்வகத்திற்குச் சந்திரா என்று அவர் நினைவாகப் பெயரிடப்பட்டது. அது டாரன்டுலாவை மட்டும் நோக்கிச் செலவிட்ட நேரம் ஏறத்தாழ இருபது இலட்சம் நொடிகள். அதாவது இருபத்து மூன்று நாள்கள். ஹப்பிளின் படத்தில் வெற்றிடம்போல் இருண்டு கிடந்த குழிவுகள் சந்திராவின் படத்தில் ஒளிர்ந்தன. பல இலட்சம் பாகை வெப்பமுடைய வளிமம் அவற்றில் நிறைந்திருக்கிறது.

தொட்டிலா, உலையா?

விண்மீன் பிறப்பிடங்களைத் தொட்டில் என்று குறிப்பிடுவது வழக்கம். இனிய சொல்லாயினும் டாரன்டுலாவைப் பொறுத்தவரை அது முழுதும் பொருந்தவில்லை. ஆர் 136இன் பெருவிண்மீன்கள் பிறந்து பதினைந்து இலட்சம் ஆண்டுகள் அளவே ஆகின்றன. விண்மீன் வாழ்வில் அது குழவிப் பருவம். அதற்குள்ளாகவே அவற்றின் புற ஊதாக் கதிரும், நொடிக்கு ஈராயிரம் கிலோமீட்டர் அளவு வேகத்தில் வீசும் விண்மீன் காற்றும் சுற்றியுள்ள முகிலைக் குடைந்து தள்ளுகின்றன. எந்த வளிமத்திலிருந்து பிறந்தனவோ அதனையே அவை விரட்டுகின்றன. புதிய விண்மீன் பிறக்க வேண்டிய பொருள் இவ்வாறு சிதறிப்போகிறது. மறுபுறம், தள்ளப்பட்ட வளிமம் குழிவின் விளிம்பில் அடர்ந்து திரண்டு, தூண்களாக நீள்கிறது. அத்தூண்களுக்குள் புதிய விண்மீன்கள் உருவாகின்றன. அழிப்பது மிகுதியா, ஆக்குவது மிகுதியா என்பதே இன்றைய வானியலார் விடை தேடும் வினா. ஒரு திரளில் உள்ள வளிமம் ஒரே மூச்சில் விண்மீன்களாக மாறித் தீர்ந்துவிடாமல் பல நூறு கோடி ஆண்டுகள் நீடிப்பதும், கதிரவனைப் போன்ற விண்மீன்கள் பின்னாளில் தோன்ற இடமிருப்பதும் இவ்விடையைச் சார்ந்தவை.

வெப்பின் பார்வையில் ஓர் இளம் விண்மீன் இதற்குச் சுவையான எடுத்துக்காட்டாயிற்று. அது வயதில் சற்று முதிர்ந்தது என்றும், தன்னைச் சுற்றிலும் குழிவை ஏற்படுத்திவிட்டது என்றும் முன்னர் எண்ணினர். நிறமாலையை ஆராய்ந்தபோது, அது தன் தூணிலிருந்து இப்போதுதான் தலைகாட்டுகிறது என்றும் தூசிப் போர்வையை இன்னும் களையவில்லை என்றும் தெரிந்தது.

அதே விண்முகிலின் ஓரத்தில் ஹாட்ஜ் 301 என்னும் முதிய கொத்து ஒன்றும் உண்டு. அதன் அகவை இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல். அங்கிருந்த பெருவிண்மீன்களுள் ஏறத்தாழ நாற்பது ஏற்கெனவே வெடித்துவிட்டன என்று கணக்கிட்டுள்ளனர். வெடிப்பில் சிதறிய பொருள் அண்டை முகில்களில் மோதி அவற்றை இழைகளாக இழுத்திருக்கிறது. அதனுடன் ஆக்சிசனும் இரும்பும் கலந்து செல்கின்றன. காவிரி நீரில் உள்ள ஆக்சிசனும் கதிரவன் பிறப்பதற்கு முன் பால்வீதியில் இவ்வாறு மடிந்த பெருவிண்மீன்களிலிருந்து வந்ததே.

ஆர் 136இன் பெருவிண்மீன்களும் அடுத்த சில பத்து இலட்சம் ஆண்டுகளில் ஒவ்வொன்றாக முடிவை எட்டும். அவற்றுள் வெடிப்பவை ஒவ்வொன்றும் 1987இல் நிகழ்ந்தது போலச் சில மாதங்கள் அகத்தியனுக்குக் கீழே ஒரு புதிய விண்மீனாகத் தெரியும். அவற்றுள் முதலாவது ஏற்கெனவே வெடித்து, அதன் ஒளி வழியில் வந்துகொண்டிருக்கவும் கூடும்.